ஒரே கத்தி போதும்

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு
உட்துறைமுக வீதி, திருகோணமலை

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. மேற்கே காடும் வயலும் தாண்டி வருகிற வறண்ட காற்று இது. வாசலில் இறங்கினால் கடல், ஆனாலும் உதடு வெடிக்கிறது. காயப்போட்ட உடுப்பு அரை மணி நேரத்தில் மொறுமொறுத்துவிட்டது.

வருகிற 19ஆம் திகதி, திங்கள், பௌர்ணமி விடுமுறை. உயர்தரம் படித்த காலத்தில் ஒன்றாக ரியூசன் போன நாங்கள் ஐந்து பேரும் அன்றைக்குக் கூடுவதென்று பேச்சு. உவர்மலை, மடத்தடி, பாலையூற்று, கிண்ணியா என்று ஆளுக்கொரு பக்கம் வீடு வாசலாகிவிட்டாலும், வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு சந்திப்பதை நாங்கள் விட்டதில்லை. என்னோடு அலுவலகத்தில் வேலை செய்கிற கந்தளாய்த் தோழியும் இரண்டு வருடமாக வருகிறாள். இந்த முறை எங்கள் வீடு.

காலையில் உவர்மலைத் தோழி போனில் கதைத்தாள். "நாங்கள் கட்டாயம் வாறம். சின்னவளுக்குச் சாப்பாடு நான் பெட்டியில கட்டிக்கொண்டு வாறன். நீ அதைப் பற்றி யோசிக்காதை" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முள் தைத்தது போல் இருந்தது.

போன வருடம் என் மகளின் பிறந்தநாளன்று நடந்ததை நான் இன்னும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். அந்தச் சின்னவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளுக்கென்று தொதல் வாங்கி வைத்திருந்தேன். அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி. அதில் பசுப்பால் ஒரு துளியும் இல்லை. ஆனால் பட்டர் கேக் வெட்டிய கத்தியாலேயே தொதலையும் வெட்டினேன். சேலைத்தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் வெட்டினேன். பத்து நிமிடத்தில் பிள்ளையின் உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடித்தது. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓட்டோவில் தாயின் மடியில் அவளைக் கிடத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, மூச்சு சீராகி, இரவு முழுவதும் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கே போனாலும் ஒரு நீலப் பெட்டியும் கூடப் போகிறது.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் மேசையில் பசுப்பால் சேர்ந்த எதுவும் இருக்காது. அவளுக்கென்று தனியாக ஒன்று வைக்கப் போவதில்லை. எல்லோருக்கும் ஒரே கேக்.

12 ஆகஸ்ட், திங்கள்

மத்தியானம் உவர்மலைத் தோழியிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நான் சொல்லுறதை எழுதிக்கொள்" என்றாள். எழுதிக்கொண்டேன்.

பால் ஒத்துக்கொள்ளாமை இரண்டு வகை. ஒன்று, பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியைக் குடலால் செரிக்க முடியாமல் போவது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது கூடக்குறைய உண்டு. வயிறு ஊதும், வயிற்றோட்டம் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. மற்றது ஒவ்வாமை. பாலில் இருக்கும் கேசீன், வே ஆகிய புரதங்களை உடம்பு எதிரியென்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. சின்னவளுக்கு இருப்பது இந்த இரண்டாவது. இதில் அளவு என்று ஒன்றில்லை. கத்தியில் ஒட்டியிருந்த பசையே போதுமாக இருந்ததே. பசுப்பாலுக்குப் பதில் எருமைப்பால், ஆட்டுப்பால் என்று மாற்றியும் பயனில்லை. புரதங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நெய்யை உருக்கி வடித்தாலும் அந்தப் புரதம் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே கோயில் பொங்கல்கூட அவளுக்கு விலக்கு.

தயிருக்குப் பேர்போன மாவட்டம் இது. மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து எருமைத் தயிர் மண்சட்டியில் வந்து சந்தையில் அடுக்கடுக்காக இருக்கும். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை அந்தச் சட்டிகளைத் தாண்டும்போது தாயின் கையை இறுக்கிப் பிடிக்கிறாளாம். ஏழு வயது அவளுக்கு.

வேலை முடிந்து கடைக்குப் போய் மாஜரின் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். மாஜரின் என்றால் தாவர எண்ணெய்தானே, அதில் பால் எங்கே வரப்போகிறது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கையில் எடுத்த முதற்பெட்டியிலேயே பொடி எழுத்தில் பால் திண்மம் என்று போட்டிருந்தது. பிஸ்கட்டிலும் வே பவுடர். மாஜரின் வாங்காமல் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கு வந்தேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

முதல் முயற்சி. சரிவரவில்லை.

அம்மாவிடம் கேக் அடிக்கப் பழகியவள் நான். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, பத்து முட்டை. பட்டரையும் சீனியையும் வெள்ளை வெளேரென்று வரும்வரை அடிக்க வேண்டும். பட்டர் இருந்த இடத்தில் தேங்காயெண்ணெயை விட்டு அதே மாதிரி அடித்தேன். கால் மணி நேரம் பீட்டர் சுற்றியும் சீனி அடியில், எண்ணெய் மேலே. ஒன்றோடொன்று சேரவே இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. சீனியின் கூரான விளிம்புகள் இறுகிய கொழுப்பைக் கீறிக் கீறி உள்ளே காற்றைச் சேர்த்து வைக்கும். அந்தக் காற்றுக்குமிழிதான் கேக்கைத் தூக்குகிறது. தேங்காயெண்ணெய் 24 பாகையில் உருகிவிடும். ஆகஸ்ட் மாதத் திருகோணமலையில் இராத்திரியில்கூட அந்தக் குளிர் கிடையாது. எங்கள் வீட்டு எண்ணெய்ப் போத்தல் உறைந்து நான் பார்த்ததே இல்லை. பிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்தேன், கல்லாகிவிட்டது. வெளியில் எடுத்துக் கரண்டியால் குத்திக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் உருகி ஓடியது.

வந்த கேக் களிமண் மாதிரி. அடியில் விரற்கடை அளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது. மகள் ஒரு துண்டு தின்றுவிட்டு, "வாசம் நல்லா இருக்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

14 ஆகஸ்ட், புதன்

இன்றைக்குக் கேக் வைக்கவில்லை. அம்மாவின் சமையல் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

நீலக் கோடு போட்ட பழைய கொப்பி. எண்ணெய்க்கறை பட்டு ஊடாகத் தெரிகிற தாள்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் எல்லா இடத்திலும் பால், பால், பால். பால் அப்பத்துக்கு ஒரு கோப்பை பால், சொதிக்குப் பால், பாற்கஞ்சிக்குப் பால், கத்தரிக்காய்ப் பாற்கறிக்குப் பால். பெரிதாகப் பயந்துபோய், "இதெல்லாம் எந்தப் பால் அம்மா?" என்று கேட்டேன். அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தா. "என்ன பிள்ளை கேள்வி இது? பால் எண்டால் தேங்காய்ப்பால்தானே."

உண்மைதான். எங்கள் குசினியில் "பாலைப் புழி" என்றால் யாரும் மாட்டைத் தேடிப் போவதில்லை, திருவலையை எடுக்கிறோம். சிங்களத்தில் பாற்சோற்றைக் கிரிபத் என்கிறார்கள். கிரி என்றால் பால், அங்கேயும் சோற்றில் விழுவது தேங்காய்ப்பால். பசுவின் பால் தேத்தண்ணிக்கும் குழந்தைக்கும். அதுவும் பெரும்பாலும் கப்பலில் வருகிற மாப்பால். 2022இல் டொலர் இல்லாமல் மாப்பால் கப்பல் வராதபோது ஊரே வரிசையில் நின்றது. வெறும் தேத்தண்ணியைக் கருப்பட்டியோடு குடித்தோம். ஆனால் அந்த மாதங்களிலும் சொதி ஒரு நாள் நிற்கவில்லை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்த நாளில், சமையல் காஸும் இல்லாமல், அம்மா சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் தணல் போட்டு ரவையும் தேங்காய்ப்பூவுமாக ஒரு கேக் சுட்டுத் தந்தா. அதில் பட்டரும் இல்லை, பசுப்பாலும் இல்லை. அன்றைக்கு அதை ஒரு குறையாக நாங்கள் யாருமே நினைக்கவில்லை. கிடைத்ததைத் தின்று மகிழ்ந்தோம்.

ஆக, இல்லாத ஒன்றை நான் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பட்டர் கேக்கைப் பட்டர் இல்லாமல் செய்யப் பார்த்ததுதான் பிழை. தேங்காய்க்கு ஏற்ற கேக்கைச் செய்ய வேண்டும்.

பின்னேரம் கடற்கரை வழியாக நடந்தேன். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், சீனன்குடாவில், பிறீமா ஆலையின் உயரமான கட்டடங்கள் வெயிலில் வெளிறித் தெரிந்தன. 1977இல் அரசோடு செய்த ஒப்பந்தத்தால் வந்த ஆலை. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. தூர தேசங்களிலிருந்து வருகிற கப்பல்கள் இந்த ஆழமான துறைமுகத்துக்குள் நுழைந்து தானியத்தை இறக்க, இங்கே அரைத்து, இங்கிருந்தே நாடு முழுக்க மா போகிறது. கொழும்பில் வேகிற பாணிற் பலவற்றுக்கும் எங்கள் வீட்டுக் கேக்குக்கும் மா இந்தக் குடாவைத் தாண்டி வருகிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி, இன்றைக்கு ஏனோ நின்று பார்த்தேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

மடத்தடித் தோழி போன் எடுத்தாள். திங்கள் பௌர்ணமி விரதமாம். "நான் வருவன், ஆனா முட்டை போட்ட கேக் சாப்பிட மாட்டன். நீ குறை நினையாதை." நான் குறை நினைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே கேக் என்று சொல்லிவிட்டேனே. அப்படியென்றால் முட்டையும் வெளியே.

பால் போனது, பட்டர் போனது, இப்போது முட்டையும் போனது. பிறகு எது தூக்கும்? அப்பச்சோடாதான். தேங்காய்த் தலைப்பால் எடுத்தேன், தாராளமாக இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டேன், மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றினேன். மின் போறணைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவும் கறண்ட் போகவும் சரியாக இருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. அதற்குள் மாக்கலவையின் மேலே வந்த குமிழிகள் எல்லாம் உடைந்து அடங்கிவிட்டன.

கேக்கின் நடுப்பகுதி குழி விழுந்திருந்தது. நிறம் மஞ்சளும் பழுப்புமாக. வாயில் வைத்தால் சவர்க்காரக் கட்டி. அப்பச்சோடா கூடிப்போனால் இப்படித்தான் என்று அம்மா சொன்னா. தலைப்பாலின் கொழுப்பும் மாவுக்குப் பாரமாகிவிட்டது.

இரவு கொஞ்சம் மனம் விட்டுப் போனது. கடையில் பழங்கள் வாங்கி வெட்டி வைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் கூடுகிற இடத்தில் கேக்குக்கு ஒரு இடம் இருக்கிறது. அதைச் சுற்றி நின்று, யார் வெட்டுவது என்று சண்டை பிடித்து, பெரிய துண்டு யாருக்கு என்று பார்க்கிற அந்த நேரம். அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு பிள்ளை நீலப் பெட்டியோடு நிற்பதை நான் இனிப் பார்க்க மாட்டேன்.

16 ஆகஸ்ட், வெள்ளி

வரலட்சுமி விரதம். காலையில் காளி கோயிலடியில் பெண்கள் கூட்டம், பூக்காரிகளின் குரல், வெயிலில் வாடாமல் ஈரத்துணி போர்த்திய தாமரை மொட்டுகள். கும்பிட்டுவிட்டு அப்படியே பாலையூற்றுக்குப் போனேன்.

பாலையூற்றுத் தோழி பறங்கியர் வீட்டுப் பிள்ளை. அவளுடைய பாட்டி வீட்டில் போர்த்துக்கேய மொழி பேசி நானே கேட்டிருக்கிறேன். போர்த்துக்கேயர் 1624இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறியது, ஆனால் சொற்கள் எங்கள் வீடுகளுக்குள் தங்கிவிட்டன. குசினி, போறணை, பாண், வினாகிரி எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. நத்தாருக்கு அவள் வீட்டு லவ் கேக் எங்களுக்கு வரும்: ரவை, கஜு, பன்னீர், கறுவா, நிறைய முட்டை மஞ்சட்கரு, பட்டர். அதைச் செய்யப் பிறந்தவளிடம் பட்டரும் முட்டையும் இல்லாத கேக்கைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளோ சிரிக்கவில்லை. உடனே கேட்டாள்: "புளி விட்டனியா?"

நான் விடவில்லை. அதுதான் பிழை. அப்பச்சோடா காரம், அது புளியோடு சேர்ந்தால்தான் உடனே காபனீரொட்சைட்டு கிளம்பி மாவைத் தூக்கும். புளி இல்லாவிட்டால் காரம் மிஞ்சி நின்று சவர்க்காரச் சுவை தரும். "வினாகிரி ஒண்டரை மேசைக்கரண்டி, இல்லாட்டி தேசிப்புளி. கடைசியாத்தான் விட வேணும். விட்டதும் மெதுவாக் கலக்கி உடனே போறணைக்குள்ள வை. அது முதலே சூடாயிருக்க வேணும். கதைச்சுக்கொண்டு நிக்கக் கூடாது" என்றாள். மாவைக் கனக்க அடித்தால் அதன் பசைப்புரதம் இழுபட்டு ரொட்டி மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னாள்.

இப்படியான கேக் புதிதல்ல என்றும் சொன்னாள். உலகப் போர்க் காலத்தில் பட்டரும் முட்டையும் பாலும் கிடைக்காத நாடுகளில் பெண்கள் எண்ணெயும் வினாகிரியும் சோடாவும் வைத்தே பிள்ளைகளின் பிறந்தநாளை நடத்தியிருக்கிறார்கள். பிரித்தானியாவில் பட்டருக்குப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கியது. பங்கீட்டு முறை முற்றாக ஒழிந்தது 1954இல்தான். அந்தப் போர் எங்கள் ஊருக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதை அம்மம்மா சொல்லச் சொல்ல நான் வளர்ந்தேன். தட்டுப்பாட்டில் கற்ற சமையல் இன்றைக்கு ஒரு பிள்ளையின் மூச்சைக் காக்கிறது.

வெளிக்கிடும்போது, "வினாகிரி வேணுமா?" என்று போத்தலை நீட்டினாள். தென்னங்கள்ளில் புளித்த வினாகிரி அது. முஸ்லிமான கிண்ணியாத் தோழி ஏதும் யோசிப்பாளோ என்று எனக்கு ஓர் எண்ணம். எங்கள் வளவில் தேசி மரம் காய்த்துக் கிடக்கிறதே. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வனிலா எசன்ஸையும் விட்டுவிட்டேன். சாராயம் சேர்ந்ததாக இருக்கலாம். ஏலக்காய் இருக்கும்போது வனிலாவுக்கு என்ன தேவை?

17 ஆகஸ்ட், சனி

சரிவந்துவிட்டது.

அதிகாலையில் ஒரு தேங்காய் உடைத்தேன். அம்மா திருவினா. தலைப்பாலை மத்தியானக் கறிக்கு எடுத்து வைத்துவிட்டு, சக்கையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் புழிந்தேன். கொழுப்பு குறைந்த, தண்ணீர் போன்ற பால். கித்துள் கருப்பட்டியைச் சீவி அதில் கரைத்து வடித்தேன். பால் மான் தோலின் நிறத்துக்கு வந்தது. அதோடு எண்ணெய். இன்னொரு பாத்திரத்தில் மா, அப்பச்சோடா, உப்பு, இடித்த ஏலக்காய், கொஞ்சம் கறுவாத்தூள். இரண்டு தரம் அரித்தேன். போறணையை முதலே 180 பாகைக்கு விட்டிருந்தேன்.

ஈரத்தையும் மாவையும் சேர்த்தேன். மரக்கரண்டியால் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கட்டி இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் தேசிப்புளி. விட்டதும் கலவை முழுக்க ஒரு சத்தம், கள் நுரைக்கிற மாதிரி மெல்லிய சீறல். மாவின் மேல் நிறம் வெளிறி, உயிர் வந்தது போல் பொங்கியது. தட்டில் ஊற்றி மேலே கஜு தூவி உள்ளே தள்ளிவிட்டேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் விளிம்பு எழும்பியது. இருபதாவது நிமிடத்தில் நடுப்பகுதியும் எழும்பி நின்றது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஈர்க்கைக் குத்தி எடுத்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. கருப்பட்டியும் ஏலமும் கலந்த வாசம் வீதிவரை போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, வட்டிலப்பமோ?" என்று கேட்டா.

ஆறிய பிறகு வெட்டினேன். உள்ளே தேன்கூடு போல் ஒரே அளவான சின்னத் துவாரங்கள். கையால் அமத்தினால் திரும்பி எழும்புகிறது. பட்டர் கேக் பிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். இது இந்த வெயிலில் மறுநாளும் மெத்தென்று இருக்கும், எண்ணெய் உறையாதே. செவ்வாய்க்கிழமை எந்த வெக்கை என்னைத் தோற்கடித்ததோ, அதே வெக்கை இன்றைக்கு எனக்குத் துணை.

அம்மா இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

18 ஆகஸ்ட், ஞாயிறு

கேக் சுட்டதைவிடக் கழுவியதுதான் இன்றைக்குப் பெரிய வேலை. கேக் தட்டுகளின் மூலையில் பழைய பட்டர் கறுத்துக் காய்ந்திருந்தது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தும் மனம் ஒப்பாமல் புதிதாக இரண்டு தட்டு வாங்கினேன். மரக்கரண்டி எண்ணெயைக் குடிக்கும், அதனால் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியது. அரிதட்டும் புதிது. மேசையைத் துடைக்கிற சீலையையும் மாற்றினேன். மாப்பால் பேணியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு எல்லோருக்கும் வெறும் தேத்தண்ணி.

பிறகு ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். கிண்ணியாத் தோழி வழமையாகத் தயிர்ச்சட்டி கொண்டு வருவாள். அவள் வகுப்புக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து வந்த காலத்திலிருந்து அந்தப் பழக்கம். 2009இல் பாலம் திறந்த பிறகு ஒன்றுக்கு இரண்டு சட்டியாக வரும். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "இதுக்கேன் புள்ள இழுக்கிறாய்? நான் வட்டிலப்பம் அவிச்சிட்டு வாறன். அதில என்ன, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும்தானே. பாத்திரத்தையும் நல்லாக் கழுவிக்கிறன்" என்றாள். கந்தளாய்த் தோழி பிபிக்கன் செய்து வருவதாகச் சொன்னாள்: தேங்காய்ப்பூ, பாணி, ரவை, பெருஞ்சீரகம். அவள் வீட்டில் அதற்குப் பட்டர் போடும் வழக்கமே இல்லையாம்.

சிங்கள வீட்டுப் பலகாரம், முஸ்லிம் வீட்டுப் பலகாரம், எங்கள் வீட்டுத் தொதல். யாரும் இந்தப் பிள்ளையை நினைத்து அவற்றைப் படைக்கவில்லை. ஆனாலும் எல்லாமே அவளுக்கு ஏற்றவை. எங்கள் எல்லோருடைய பாட்டிமாரும் ஒரே தென்னையின் கீழ் நின்றவர்கள்.

பின்னேரம் இரண்டு தட்டுக் கேக் இறக்கினேன். வெள்ளைச் சீலை போர்த்தி வைத்திருக்கிறேன்.

19 ஆகஸ்ட், திங்கள், பௌர்ணமி

எல்லோரும் போய்விட்டார்கள். கடல் முழுக்க நிலவு. கால் உளைகிறது, நித்திரை வரவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பிள்ளைகள் மட்டும் ஒன்பது பேர். சின்னவள் வந்ததும் தன் நீலப் பெட்டியை மேசையின் மூலையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு மேசையிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல் பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வட்டிலப்பத்தைக் காட்டி, "இது எந்தப் பால்?" "தேங்காய்ப்பால் மகள்" என்றாள் கிண்ணியாத் தோழி. பிபிக்கனைக் காட்டி, "இது?" கந்தளாய்த் தோழி தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாக, "மாட்டுப்பால் இல்லை. பட்டர் இல்லை. தேங்காய் மட்டும்" என்றாள். கடைசியாகக் கேக்கிடம் வந்தாள். கேக் என்றால் கூடாது என்றே பழகிய பிள்ளை. கேட்காமல் என்னைப் பார்த்தாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். என்னென்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தட்டு புதிது, கரண்டி புதிது, கத்தி புதிது என்றும் சொன்னேன். அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கத்தியைச் சின்னவளின் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. என் மகள் பின்னால் நின்று கையோடு கை சேர்த்துப் பிடித்தாள். முதல் வெட்டு கோணலாகப் போனது. அந்தக் கத்தியாலேயே கேக், தொதல், பிபிக்கன் எல்லாம் வெட்டினோம். துடைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. மேசையில் வேறு கத்தியே இல்லை.

மடத்தடித் தோழி விரதத்தோடு வந்தவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். பாலையூற்றுத் தோழி முதலில் ஒரு துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, "பதம் வந்திட்டுது" என்றாள். லவ் கேக் வீட்டிலிருந்து கிடைத்த அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும்.

சின்னவள் ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போனாள். அம்மாவுக்கு, பெரியவர்களுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமிக்கு. மற்றவர்கள் தருவதை வேண்டாம் என்று சொல்லியே வளர்ந்த பிள்ளை இன்றைக்குத் தன் கையால் எல்லோருக்கும் கொடுத்தாள். நீலப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

காலை ஆறரைக்கே உவர்மலைத் தோழிக்குப் போன் எடுத்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இரவு நல்ல நித்திரை. பள்ளிக்கூடத்தில் தன் பிறந்தநாளுக்கு இந்தக் கேக்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறாளாம். செய்முறையை எழுதி அனுப்பச் சொன்னாள்.

அனுப்புவதற்கு முதல் அம்மாவின் கொப்பியில் எழுதினேன். பட்டர் கேக் எழுதியிருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது.

கோதுமை மா 250 கிராம். சீவிய கித்துள் கருப்பட்டி 200 கிராம். அப்பச்சோடா மட்டமாக ஒரு தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. ஏலக்காய் எட்டு. கறுவாத்தூள் ஒரு சிட்டிகை. தேங்காயெண்ணெய் 80 மில்லிலீற்றர். தேசிப்புளி இரண்டு மேசைக்கரண்டி, கடைசியில். 180 பாகை, ஏறத்தாழ 40 நிமிடம், எட்டு அங்குலத் தட்டு. தட்டும் கரண்டியும் கத்தியும் பால் படாதவை.

பாலின் அளவை எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்தா. "தேங்காய்ப்பால், இரண்டாம் பால், 300 மில்லிலீற்றர்" என்று எழுதினேன். "பால் எண்டாலே அதுதானே, ஏன் நீட்டி எழுதுறாய்?" என்று கேட்டா.

இந்தக் கொப்பியை இனி வாசிக்கப் போகிறவர்களில் அந்தப் பிள்ளையும் ஒருத்தி என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, என் கையிலிருந்த பேனையை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினா. பால் அப்பம், சொதி, பாற்கஞ்சி என்று ஒவ்வொரு பக்கத்திலும் "பால்" என்ற சொல்லுக்கு முன்னால், நடுங்கிய எழுத்தில், "தேங்காய்" என்று எழுதிக்கொண்டு போகிறா.